கூட்டம் வரும் நேரம் தெரியும்தானே? முன்கூட்டியே வரவழைத்துப் பாரு!

தங்கச்சி, வேலைக்குச் சேர்ந்த கையோடு 'லோட் டெஸ்ட்' (ஓர் அமைப்பு எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று பார்க்கிற சோதனை) பொறுப்பை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமா இது? இங்கே கோலா சுங்கை பாரு, மஸ்ஜிட் தானா, அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளம்பி, டுரியான் துங்கால் யூடெம் பல்கலைக்கழகத்திலோ மலாக்கா எம்எம்யூவிலோ கணினி படித்து, உன்னைப் போலவே முதல் வேலையில் முழித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள். நம் மலேசியாவில் பொதுமக்கள் கண்முன்னே திணறிய பெரிய அமைப்புகளை எடுத்துப் பாரு. கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் வந்ததா? இல்லை. இந்த நாள், இந்த நேரம் என்று தேதி குறித்து எல்லாரையும் கூப்பிட்டதே அமைப்பை நடத்தியவர்கள்தான்.

2021 மே 2ஆம் தேதி அஸ்ட்ராஸெனெகா கோவிட் தடுப்பூசிக்கு விருப்பப் பதிவு இணையத்தில் திறந்தது. 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான இடங்கள் சில மணி நேரத்தில் காலி. மக்களுக்கு எவ்வளவு ஆர்வம் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அதே மாதம் 26ஆம் தேதி இரண்டாம் சுற்று. பகல் 12 மணி என்று முன்பே அறிவிப்பு, கிட்டத்தட்ட 10 லட்சம் இடங்கள். மணி 12 ஆனதும் பக்கம் பலருக்கு ஒழுங்காகத் திறக்கவில்லை. அப்படியும் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் இடங்கள் முடிந்துவிட்டன. பொறுப்பில் இருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அடுத்தது நம் அம்மா, பாட்டி வரைக்கும் தொட்ட விஷயம். 2025 ஆகஸ்ட் 31இல் தொடங்கிய சாரா 100 வெள்ளி உதவி. 18 வயதைத் தாண்டிய எல்லா மலேசியர்களுக்கும், ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, மைகாட் அடையாள அட்டை வழியாகவே சாமான் வாங்கும் வசதி. டிசம்பர் 31 வரை, நான்கு மாதம் தவணை. தவணை நீளமாக இருந்தால் கூட்டம் பரவலாக வரும் என்று தாளில் எழுதலாம். ஆனால் அன்றைக்கு மெர்டேக்கா, ஞாயிற்றுக்கிழமை, மறுநாளும் விடுமுறை, கையில் 100 வெள்ளி. யார் டிசம்பர் வரை காத்திருப்பார்கள்? முதல் நாளே அமைப்பு மெதுவானது, பணம் கழிவது தாமதமானது. நெரிசல்தான் காரணம் என்று நிதி அமைச்சே சொன்னது.

கவுண்டரில் நிற்கிற பாட்டியின் பக்கத்திலிருந்து இதைப் பாரு. அரிசி, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் பட்டையில் ஏற்றியாயிற்று. மைகாட் கருவியில் செருகியிருக்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் பத்துப் பேர். காசாளர்ப் பிள்ளை "கார்டை எடுக்காதீங்க பாட்டி" என்கிறாள். பணம் கழிந்ததா இல்லையா என்று அவளுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. பாட்டி சாமானை வைத்துவிட்டு வீடு திரும்பலாமா, கூடாதா? 'ரெஸ்பான்ஸ் டைம்' என்று நீ அறிக்கையில் எழுதப்போகிற எண் இந்தப் பாட்டி நிற்கிற நேரம்தான். அதனால்தான் இந்த வேலையை நான் பெரிய வேலை என்று சொல்கிறேன்.

"ஆயிரம் பேர் தாங்கணும்" என்றால் கேள்வி கேளு

மேலாளர் சொல்கிற எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதே. ஆயிரம் பேர் ஒரு நாளைக்கா, ஒரே நிமிஷத்திலா? ஒவ்வொருவரும் எத்தனை பக்கம் பார்ப்பார்? எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார்? இந்த மூன்றும் இல்லாமல் சோதனை கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாடு முழுக்கத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி, காலை 10 மணிக்குப் பதிவு திறக்கிறது, 12,000 பெற்றோர் வருவார்கள் என்று வைத்துக்கொள். நாள் முழுவதற்கும் வகுத்தால் ஒன்றுமே இல்லாத கூட்டம். ஆனால் இடம் குறைவு என்று தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4,000 பேர், முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடுவார்கள். 300 வினாடிக்கு 4,000 என்றால் வினாடிக்கு 13 பேருக்கு மேல். ஒருவர் உள்ளே வந்து படிவம் நிரப்பி முடிக்க 3 நிமிடம் என்றால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் 2,400 பேர். வருகிற வேகத்தை இருக்கிற நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கிற கூட்டம். இதை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்தார். லிட்டில் விதி என்றே பெயர்.

அந்த விதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அமைப்பு சற்று மெதுவாகி, 3 நிமிட வேலைக்கு நாலரை நிமிடம் ஆனால், வருகிற வேகம் மாறாமலேயே உள்ளே இருக்கிற கூட்டம் 3,600 ஆகிவிடும். கூட்டம் கூடினால் இன்னும் மெதுவாகும், மெதுவானால் இன்னும் கூடும். இந்தச் சுழல் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலையின் உயிர்.

ஒவ்வொருவரும் 8 ரிக்வெஸ்ட் அனுப்புவார் என்றால் வினாடிக்குச் சுமார் 107. ஐந்து நிமிடமும் ஒரே சீராக வராது, முதல் நிமிடம்தான் முண்டியடிக்கும். ஆகவே 200க்கு வைத்துச் சோதி. அது தாங்கினால் நிறுத்தாதே, உடைகிற வரைக்கும் ஏற்று. "200 தாங்கும்" என்பதைவிட "340இல் உடைகிறது, டேட்டாபேஸில் உடைகிறது" என்பதுதான் நாளைக்கு உதவும்.

சராசரியை எழுதி ஏமாற்றாதே, ஏமாறாதே

100 ரிக்வெஸ்ட் போகிறது. 95 பேருக்கு 0.2 வினாடியில் பதில். மீதி 5 பேருக்கு 12 வினாடி. சராசரி என்ன? 0.8 வினாடிகூட இல்லை. அறிக்கையைப் பார்க்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த 5 பேர் எங்கே போனார்கள்?

இன்னும் கொஞ்சம் போ. ஒருவருக்கு 8 ரிக்வெஸ்ட் என்றோமே. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 வாய்ப்பு என்றால், 8இல் ஒன்றாவது அந்த 12 வினாடியில் மாட்டுகிற வாய்ப்பு மூன்றில் ஒன்று. அதாவது உன் சராசரி 0.8 என்று சொல்கிற அதே நேரத்தில், மூன்று பெற்றோரில் ஒருவர் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் பி95, பி99 என்ற எண்களை எழுது. பி95 என்றால் 100இல் 95 பேருக்கு இந்த நேரத்துக்குள் பதில் கிடைத்தது என்று பொருள். அதோடு, தோல்வியான ரிக்வெஸ்ட்டுகளைத் தனியாகக் காட்டு. பிழைப் பக்கம் சில மில்லிவினாடியில் வந்துவிடும்; அதையும் சேர்த்தால் உன் சராசரி அழகாகத் தெரியும். அழகுக்காக நாம் சோதிக்கவில்லை.

கருவி எது என்று மண்டையை உடைக்காதே

ஜேமீட்டர் 1998 முதல் இருக்கிறது, திரையில் பெட்டி பெட்டியாக வைத்துக் கட்டலாம், மலேசியக் கம்பெனிகளில் நிறையப் பேருக்குப் பழக்கம். கே6இல் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம், மற்ற நிரலோடு சேர்த்தே கிட்டில் வைத்துக்கொள்ளலாம். லோகஸ்ட் பைத்தானில். கேட்லிங்கும் நல்லதுதான். எல்லாம் இலவசமாகவே தொடங்கலாம். உனக்கு எந்த மொழி கைவருகிறதோ அதை எடு.

ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் கண் வை. சாதாரணமாக, பொய்ப் பயனர் ஒருவர் ரிக்வெஸ்ட் அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவார். சர்வர் மெதுவானால் இவரும் மெதுவாகிவிடுவார். வினாடிக்கு 200 ரிக்வெஸ்ட் போகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். கருவியோ சர்வருக்கு இரக்கப்பட்டு அடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். நிஜ மனிதர் இரக்கப்படுவாரா? 12 மணிக்கு வருகிறவர் 12 மணிக்கே வருவார், உள்ளே இருப்பவருக்குப் பதில் கிடைத்ததா என்று பார்க்க மாட்டார். அதனால் 'வினாடிக்கு இத்தனை பேர் வந்துகொண்டே இருக்கட்டும்' என்கிற வகையில் சோதனையை அமை. கே6இல் இதற்கு 'அரைவல் ரேட்' என்றே தனி முறை இருக்கிறது. பழைய சோதனைகளில் பாஸ் ஆன அமைப்புகள் இந்த ஒரு மாற்றத்தில் மண்ணைக் கவ்வுவதைப் பார்ப்பாய்.

சோதனைத் தரவில்தான் பாதி உண்மை இருக்கிறது

டேட்டாபேஸில் 200 வரி வைத்துக்கொண்டு லோட் டெஸ்ட் செய்தால் எல்லாமே பறக்கும். 20 லட்சம் வரி போட்டுப் பாரு. இன்டெக்ஸ் இல்லாத தேடல் அப்போதுதான் பல்லைக் காட்டும். ஒரே பயனரை ஆயிரம் தடவை நுழையவிடுவதும் பிரயோசனமில்லை. அவர் விவரம் கேஷில் உட்கார்ந்துவிடும், டேட்டாபேஸ் வரைக்கும் எதுவும் போகாது.

நம் ஊர்ப் பெயர்களைப் போடு. ஏ/எல், ஏ/பி இருக்கிற நீளமான பெயர்கள், 'பின்', 'பிந்தி' உள்ள பெயர்கள், ஒற்றைப் பெயர்கள். அந்தச் சாய்கோடு இணைய முகவரியில் சரியாக மாற்றப்படாமல் போனால் அந்த ஆளுக்கு மட்டும் பிழை வரும், அவர் திரும்பத் திரும்ப அமுக்குவார், உன் சுமையும் கூடும். ஐசி எண்ணும் 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (நம் மலாக்காவுக்கு 04) என்ற அமைப்பிலேயே இருக்கட்டும். ஆனால் எண்கள் கற்பனையாக உருவாக்கியவையாக இருக்க வேண்டும். நிஜ வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே நகலெடுத்துச் சோதனை சர்வரில் போடுவதை யார் சொன்னாலும் செய்யாதே. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது இன்னொருவர் வீட்டு விவரம்.

எங்கே அடைக்கிறது என்று தேடுவது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பெரும்பாலும் சர்வரின் சிபியு முட்டி நிற்காது. சிபியு வரைபடம் நிம்மதியாகக் கீழேயே கிடக்கும், வெளியே மக்கள் தவிப்பார்கள். ஏன்? அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் கனெக்‌ஷன் இருக்கும். 20 இருக்கிறது என்று வை. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு கனெக்‌ஷனை 0.05 வினாடி பிடித்து வைத்திருந்தால், வினாடிக்கு 400 ரிக்வெஸ்ட் போகலாம். தாராளம். இப்போது இன்டெக்ஸ் இல்லாத ஒரு தேடல் நுழைந்து அதே வேலைக்கு 0.5 வினாடி எடுக்கிறது. 400 என்பது 40 ஆகிவிட்டது. வருவது 107, போவது 40. வினாடிக்கு 67 ரிக்வெஸ்ட் வரிசையில் சேரும். ஒரு நிமிடத்தில் 4,000 தாண்டிவிடும். பின்னால் நிற்பவருக்கு 30 வினாடியில் டைம்அவுட் வரும், அவர் மறுபடி அமுக்குவார், அது புது ரிக்வெஸ்ட்டாக வரிசையில் சேரும். இத்தனைக்கும் காரணம் டேட்டாபேஸில் எழுதாமல் விட்ட ஒற்றை வரி.

இந்த நிலைமையில் பலரும் செய்வது சர்வரைக் கூட்டுவது. நான்கு சர்வர் வை, ஒவ்வொன்றுக்கும் 30 கனெக்‌ஷன் கொடு என்பார்கள். மொத்தம் 120. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக அனுமதிப்பது 100 மட்டும். மைஎஸ்க்யூஎல் என்றால் 151. சர்வரைக் கூட்டப் போய் டேட்டாபேஸே கதவைச் சாத்திவிடும். அதனால் எதையும் கூட்டுவதற்கு முன்னால் மூன்று வரைபடத்தைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாரு: காத்திருக்கிற கனெக்‌ஷன் எத்தனை, மிக மெதுவான தேடல் எது, பி95 எந்த நிமிஷத்தில் எகிறியது. மூன்றும் சேர்கிற நிமிஷத்தில் உன் பதில் இருக்கும். ஒரு மாற்றம் செய், மறுபடி ஓட்டு. இரண்டு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் மறக்காதே: ஓடிபி அனுப்புகிற எஸ்எம்எஸ் சேவை, எஃப்பிஎக்ஸ் வழிப் பணம் கட்டும் வங்கி. இந்தியாவில் 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதைத் தாண்டியவர்களுக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவைத் திறந்தபோது, பலருக்கு ஓடிபி வருவதற்கே தாமதம். அன்று முடிவதற்குள் 1 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அது சாதனைதான். ஆனால் ஓடிபிக்குக் காத்திருந்தவருக்கு 'உள்ளே எல்லாம் ஓடுகிறது' என்று சொல்லி என்ன பயன்? உன் சோதனையில் நிஜ எஸ்எம்எஸ் சேவையையோ வங்கியையோ அடிக்காதே. அவற்றுக்குப் பதிலாக ஒரு பொம்மைச் சேவை வை. அது உடனே பதில் தரக் கூடாது. 3 வினாடி தாமதிக்கட்டும், சில நேரம் பதிலே தராமல் இருக்கட்டும். அப்போது உன் அமைப்பு பொறுமையாக நிற்கிறதா, கூடவே சாய்கிறதா என்று பாரு.

சுமை ஏறுகிற விதமும் முக்கியம்

மெதுவாக ஏற்றுவது ஒன்று, ஒரே வினாடியில் கொட்டுவது வேறு. 12 மணிக்குத் திறக்கிற அமைப்பை அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சோதித்தால் அது வேறு ஏதோ அமைப்பின் சோதனை. இரவெல்லாம் மிதமான சுமையில் ஓடவிடுவதையும் ஒரு தடவை செய். மெமரி கசிவு, லாக் நிறைந்து டிஸ்க் முட்டுவது எல்லாம் விடிகாலையில்தான் தெரியும்.

கூட்டம் வந்தால் சர்வர் தானாகப் பெருகும், கிளவுட் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் இந்தியாவின் ஹாட்ஸ்டார் இணைய ஒளிபரப்புத் தளத்தின் கதையைச் சொல்லு. 2019 கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதி, இந்தியா நியூசிலாந்து ஆட்டம். தோனி நின்று ஆடிக்கொண்டிருந்தபோது ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோனி ரன் அவுட். கூட்டம் கலைந்தது. கலைந்தால் சுமை குறையும் என்றுதானே தோன்றும்? பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போனில் பின்பக்கப் பொத்தானை அமுக்கினார்கள். அது முகப்புப் பக்கத்துக்குப் போகும். முகப்புப் பக்கம் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பரிந்துரை கேட்கும். வீடியோவுக்குக் கூட்டம் இறங்குகிற அதே நொடியில் முகப்புக்குக் கூட்டம் ஏறும். அந்தப் பொறியாளர்கள் இதை முன்பே எதிர்பார்த்து, தங்களுடைய சொந்தச் சோதனை ஏற்பாட்டால் அடித்துப் பார்த்து வைத்திருந்தார்கள். தானியங்கிப் பெருக்கத்தை நம்பாமல் ஆட்டத்துக்கு முன்பே சர்வர்களை ஏற்றியும் வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 10 லட்சம் பேர் ஏறுகிற இடத்தில், புது சர்வர் எழுந்து நிற்பதற்குள் காரியம் கெட்டுவிடும் என்பதுதான் காரணம்.

உன் அமைப்பில் அந்தப் 'பின்பக்கப் பொத்தான்' எது என்று யோசி. பதிவு முடிந்ததும் எல்லாரும் 'என் விண்ணப்பம்' பக்கத்தைத் திறந்து சரிபார்ப்பார்கள். அதைச் சோதித்தாயா?

தோட்டத்து லைனில் திறந்து பாரு

சர்வர் அரை வினாடியில் பதில் தந்தும் பக்கம் திறக்காமல் இருக்கலாம். உன் ஆபீஸ் ஃபைபரில் தெரியாது. கடற்கரைப் பக்கம் பெங்காலான் பாலாக்கில் விடுமுறைக் கூட்டம் இருக்கிற நாளில், அல்லது செம்பனைக்கு நடுவில் ஒற்றைக் கோடு சிக்னலில், மலிவான ஆண்ட்ராய்டு போனில் திறந்து பாரு. 2021 முடிவில் நாட்டில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் குறைந்தது 4ஜி என்று கணக்கில் வரும். ஆனால் கோடு குறைந்த 4ஜியில் வேகம் வினாடிக்கு ஒரு மெகாபிட் என்றால், 4 எம்பி பக்கம் இறங்க 32 வினாடி ஆகும். முகப்பில் வைத்திருக்கிற அந்தப் பெரிய படமும் அமைச்சரின் வாழ்த்தும்தான் பாதி எடை. எடுத்துவிடச் சொல்லு.

குரோம் உலாவியிலேயே லைனையும் சிபியுவையும் மட்டுப்படுத்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், நான்கில் மூன்று வருகைகளுக்காவது அப்படி இருக்க வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. அதையே உன் இலக்காக எழுதிக்கொள்.

திணறினால் என்ன நடக்கும் என்பதையும் சோதி

எந்த அமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியவருக்கு என்ன காட்டுகிறாய்? வெற்றுத் திரையா, "உங்களுக்கு முன்னால் 1,850 பேர், ஏறக்குறைய 14 நிமிடம்" என்ற வரியா? காத்திருப்பு அறை வைத்து, தாங்குகிற அளவுக்கு மட்டும் உள்ளே விடுவது அவமானம் இல்லை; உள்ளே இருப்பவர்களாவது வேலையை முடிப்பார்கள். அந்தக் காத்திருப்புப் பக்கம் டேட்டாபேஸைத் தொடாத வெறும் பக்கமாக இருக்கட்டும்.

பணம் சம்பந்தப்பட்டால் ஒன்று கட்டாயம். ஒரே வேலையை இரண்டு தடவை அமுக்கினாலும் ஒரு தடவைதான் கழிய வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எண், அதே எண்ணில் மறுபடி வந்தால் பழைய பதிலையே கொடு. லோட் டெஸ்ட் ஓடும்போதே நடுவில் சில இணைப்புகளை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, கடைசியில் கணக்கைக் கூட்டிப் பாரு. வெள்ளி, சென் வரை ஒத்துப்போகிறதா? நெரிசலில் வேகம் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். "கழிந்ததா, கழியலையா" என்று கவுண்டரில் நிற்கிற நிலைமையைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு வழியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. சாராவுக்கு அடுத்த மாதம் வந்த புடி95 பெட்ரோல் திட்டத்தைப் பாரு. லிட்டர் 1.99 வெள்ளி, அதற்கும் மைகாட்தான். 2025 செப்டம்பர் 27 முதலில் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும், மறுநாள் எஸ்டிஆர் உதவி பெறுவோருக்கு, 30ஆம் தேதிதான் எல்லாருக்கும். எத்தனை சோதனை செய்தாலும் நிஜக் கூட்டத்துக்கு ஈடில்லை. அந்த நிஜக் கூட்டத்தையே பகுதி பகுதியாகத் திறந்தால் முதல் பகுதியே உனக்குச் சோதனையாகிவிடும். உன் மேலாளரிடம் இதைக் கேட்டுப் பாரு: ஒரே நாளில் நாடு முழுக்கத் திறக்காமல் முதலில் மலாக்கா, நெகிரி செம்பிலான் மட்டும் திறக்கலாமா?

கேட்காமல் அடிக்காதே

அனுமதி எழுத்தில் வாங்காமல் எந்த அமைப்பையும் லோட் டெஸ்ட் செய்யாதே, உன் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி. அடுத்தவர் இணையத்தளத்தை 'சும்மா பார்க்கலாம்' என்று அடிப்பது 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். கிளவுட் நிறுவனத்தின் விதிகளையும் படி. எந்த நேரம், எத்தனை மணி வரை, யாரைக் கூப்பிட்டால் நிறுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டுத் தொடங்கு.

அறிக்கையும் தேதியும்

திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் சோதனை வைக்கச் சொன்னால் மறுத்துப் பேசு. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1இல் அரசின் மருத்துவக் காப்புறுதிப் பதிவுத் தளமான ஹெல்த்கேர்.கவ் திறந்தது. அதற்குச் சில நாள் முன்பு நடந்த சோதனையில் சில நூறு பேர் சுமைக்கே அது முடங்கியது. தெரிந்தும் திருத்த நேரமில்லை. முதல் நாளில் முழுமையாகப் பதிந்து முடித்தவர்கள் 6 பேர். சோதனை செய்ததால் மட்டும் ஒன்றும் ஆகாது. கண்டுபிடித்ததைச் சரிசெய்து மறுபடி ஓட்ட நாள் வேண்டும். குறைந்தது மூன்று வாரம் கேளு. முதல் வாரம் உடைப்பதற்கு, இரண்டாவது திருத்துவதற்கு, மூன்றாவது மறுபடி உடைப்பதற்கு.

அறிக்கை ஒரே பக்கம். மேலே ஒரு வரி: "காலை 10 மணிக் கூட்டத்தை இந்த அமைப்பு தாங்கும்" அல்லது "தாங்காது". அதற்குக் கீழே எத்தனை பேரில் உடைந்தது, எங்கே உடைந்தது, சரிசெய்ய எத்தனை நாள். வரைபடங்கள் எல்லாம் பின்னிணைப்பில். "தாங்காது" என்று எழுத வேண்டி வந்தால் தயங்காமல் எழுது, எண்ணோடு எழுது. புதுசாகச் சேர்ந்த பிள்ளை என்று குரலைத் தாழ்த்திக்கொள்ளாதே. எண் உன் பக்கம் இருக்கும்போது நீ பேசலாம்.

திறக்கிற நாளில் அறையில் இரு. 10 மணிக்குப் பத்து நிமிடம் முன்பே அந்த மூன்று வரைபடத்தையும் திரையில் வை. உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள், எந்த நிமிஷம் உச்சம், பி95 எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள், நீ போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாரு. அடுத்த வெளியீட்டுக்கு அந்த எண்களைத்தான் ஸ்கிரிப்டில் போட வேண்டும். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மடிக்கணினியையும் கொண்டு வா, உட்கார்ந்து உன் ஸ்கிரிப்டைச் சேர்ந்தே பார்க்கலாம்.